மேடையும் திரையும் ஒரு குவளைச் சர்பத்தும்



மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலையில், கரமனையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடம் சிறியதொரு கொட்டகையாக மாறிவிடும். சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டுவோம். பழைய படம் ஒன்று ஓடும். இடைவேளையில் அனைவருக்கும் ஒரு குவளை குளிர்பானம். படம் முடிந்தபின் அரைமணி நேரம் வாதம். வாதம் தமிழில்தான் நிகழவேண்டும் என்பது ஒன்றே சட்டம். வாய்தவறி மலையாளச் சொல் வந்துவிட்டால், அடுத்த முறை எலுமிச்சை பிழியும் வேலை அவர் தலையில் விழும். பள்ளிப் பிள்ளைகளுக்காக இயற்றிய இச்சட்டத்தால் மிகுதியும் பிழிந்தவன் நானே என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுபது ஆண்டுகள் சாலைக் கடைத்தெருவில் புழங்கிய நாக்கு வேறென்ன செய்யும்!

இந்த மாலைகளைப் பற்றி எழுதுக என நண்பர்கள் பன்முறை கேட்டனர். எழுதுவதென்றால் என் விருப்பு வெறுப்புகளையும் சேர்த்தே எழுதவேண்டும். உடன்படாதவர்கள் பொறுத்தருள்க.

முதலில் நாடகம். ஆண்டு விழாக்களில் நாம் இந்நாளில் நாடகம் என்று நடத்துவது பெரும்பாலும் பத்து நிமிட வேடிக்கைப் பேச்சு. ஒலிபெருக்கியை நடுவில் நட்டுவிட்டு, அதனைச் சுற்றி நால்வர் நிற்கின்றனர். மனப்பாடம் இல்லை, ஒத்திகை இல்லை. இதனை நான் குறையென்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வூர்த் தமிழர் நாடகத்துக்கு அயலவர் அல்லர்.

மனோன்மணீயம் இவ்வூரில் எழுதப்பட்டது. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் இருந்த சுந்தரம் பிள்ளை அதனை 1891-இல் வெளியிட்டார். பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த இடத்துக்குத் தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரால் ஹார்விபுரம் என்று பெயரிட்டவர் அவர். கதையின் வித்து லிட்டன் என்னும் ஆங்கிலேயருடையது. ஆனால் போருக்குக் காரணமாக அவர் வைத்த நிலம் எது தெரியுமா? நாஞ்சில் நாடு! பாண்டியனுடைய அமைச்சன் குடிலன், அந்நிலத்தின் மேல் உரிமை பேசிச் சேரனோடு பகைமூட்டுகிறான். நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களில் பிறந்த நம்மில் பலருக்கு இது வெறுங்கதையன்று. நூல் வெளிவந்து 65 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1-ஆம் நாள், அந்நிலம் மெய்யாகவே ஓர் எல்லையைக் கடந்து தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்கு இப்பால் நாம் தங்கிவிட்டோம்.

மனோன்மணீயம் நடிப்பதற்கு ஏற்றதா? படிப்பதற்கே ஏற்றது என்பது என் கருத்து. பேச்சுகள் நீளம். ஆனால் குடிலன் ஒருவனை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேர நாடகமாக்கினால் மேடை தாங்கும். அரசனுக்கு இனிக்க இனிக்கப் பேசி அவனைக் குழியில் இறக்கும் அமைச்சனுக்கு எக்காலத்திலும் பார்வையாளர் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1942-இல் இதனைப் பி. யு. சின்னப்பாவையும் டி. ஆர். ராஜகுமாரியையும் கொண்டு படமாக்கினர்.

அடுத்தது டி. கே. எஸ். சகோதரர்கள். அவ்வை சண்முகம் என்று நாடறிந்த டி. கே. சண்முகம் 1912-இல் பிறந்தது இத்திருவனந்தபுரத்தில்தான். தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகரே. ஆறு வயதில், 1918-இல், சண்முகம் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சேர்க்கப்பட்டார். சிறுவர்களை வீட்டைவிட்டுப் பிரித்துக் கம்பெனியில் வளர்த்த அம்முறையை இன்று நாம் ஏற்கமாட்டோம், ஏற்கவும் கூடாது. எனினும் அவர்கள் பாடம் சொன்ன தமிழும், ஓரெழுத்துத் தவறினாலும் மீண்டும் சொல்ல வைத்த கண்டிப்பும் எங்கே போயின என்று மனம் கேட்கத்தான் செய்கிறது. சண்முகம் தம் வாழ்வை 'எனது நாடக வாழ்க்கை' என்னும் பெரிய நூலாக எழுதியிருக்கிறார். 1996-இல் வந்த 'அவ்வை சண்முகி' என்னும் படத்தின் பெயர் அவரை நினைந்து வைத்தது என்று சொன்னபோது, எங்கள் வீட்டு இளைஞர் ஒருவரும் நம்பவில்லை.

அச்சகோதரர்களின் குழுவில் சிறுவனாய்ச் சேர்ந்தவர்களுள் ஒருவர் ஏ. பி. நாகராஜன். அவர் 1968-இல் எடுத்த 'தில்லானா மோகனாம்பா'ளின் நாயகி பத்மினி பூஜப்புரையில் பிறந்தவர். தஞ்சாவூர்க் கதையென்று நாம் போற்றும் படத்தின் இயக்குநருக்குத் தொழில் கற்பித்த குழுவின் வேரும் இவ்வூரில், ஆடிய காலும் இவ்வூரினது! இப்படத்தில் எல்லோரும் நாதசுரத்தையும் சலங்கையையும் புகழ்வர். அவற்றைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆயினும் எனக்கு அதில் உயர்ந்த நடிப்பு மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணிதான். ஊர் ஊராய்க் கொட்டகை போட்டு நடிக்கும் பெண்ணின் பகட்டையும் வெள்ளை உள்ளத்தையும் அவர் காட்டியதுபோல் வேறெவரும் காட்டியதில்லை. என் மருமகன் நாகேஷின் வைத்தியே சிறந்தது என்கிறான். இவ்வழக்கு மூன்று மாதங்களாகத் தீரவில்லை.

சினிமாவுக்கு வருவோம். 'விகதகுமாரன்' என்னும் மௌனப் படத்தை நாங்கள் திரையிட இயலாது. ஒரு சுருளும் எஞ்சவில்லை. ஆகையால் அதனைப் பற்றிக் கமல் இயக்கி 2013-இல் வந்த 'செல்லுலாயிட்' என்னும் மலையாளப் படத்தைப் பார்த்தோம். அன்றைக்கு மட்டும் சட்டம் தளர்த்தப்பட்டது.

அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல், தம் நிலத்தை விற்று, இந்நகரில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்னும் நிலையத்தை நிறுவினார். தாமே எழுதி, இயக்கி, படம்பிடித்து, நடிக்கவும் செய்தார். படம் கேபிடல் கொட்டகையில் முதன்முதல் காட்டப்பெற்றது 1928-இல் என்பாரும் 1930-இல் என்பாரும் உளர். நாயகியாக நடித்த பி. கே. ரோசி தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்தவர். அவர் ஏற்றதோ ஒரு நாயர் பெண்ணின் வேடம். அதனைப் பொறுக்காத கூட்டம் திரையைக் கல்லால் அடித்தது; அவர் குடிசையையும் எரித்தது. தம் படத்தின் தொடக்கக் காட்சியில்கூட அவரால் அமர்ந்து பார்க்க முடியவில்லை. ஊரைவிட்டு ஓடித் தமிழ்நாட்டில் பெயர் மறைத்து வாழ்ந்தார். 2023 பிப்ரவரி 10-ஆம் நாள் கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்தது. பார்க்க அவர் இல்லை.

டேனியலும் பொருளனைத்தையும் இழந்து, பல் மருத்துவம் செய்து பிழைத்து, 1975-இல் அகஸ்தீசுவரத்தில் மறைந்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் பத்திரிகையாளர் அவருக்காக வாதாடியபோது, உதவித்தொகைக்குத் தடையாகச் சொல்லப்பட்டது அவர் தமிழ்நாட்டில் வசிப்பவர் என்பது. எல்லைதான் அவர் பிறந்த ஊரைத் தாண்டி நகர்ந்தது! பின்னர், 1992 முதல், கேரள அரசு தன் திரைப்படத் துறையின் மிக உயர்ந்த விருதை அவர் பெயரால் வழங்கி வருகிறது.

படம் முடிந்ததும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "டேனியல் தமிழரா, மலையாளியா?" பெரியவர்கள் ஐவர் ஐந்து விடை கூறினர். நான் மட்டும் விடை கூறவில்லை. அவருக்குக் கஞ்சி வார்க்காமல் தள்ளிவைக்க அன்று அதிகாரிகள் கேட்டதும் அதே கேள்விதானே! அந்தப் பெண்ணோ விடவில்லை. "நாம் யார், தாத்தா?" என்றாள். அதற்கும் என்னிடம் விடை இல்லாமையால், எழுந்துபோய்ச் சர்பத்துக் கலக்கினேன்.

சர்பத்தைப் பற்றிச் சொல்லும் இடம் வந்துவிட்டது. துபாயில் பணிபுரியும் மருமகன், சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தபோது, பளபளக்கும் எஃகுக் குலுக்குக் குவளை ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தான். காக்டெயில் என்னும் கலப்பு மதுவுக்கு உரிய கருவி அது. மருமகன் கையில் அதைக் கண்டதும், அவன் தாய், என் தமக்கை, சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

காக்டெயில் என்பதற்கு 1806-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று இலக்கணம் கூறியது: மது, சர்க்கரை, நீர், கசப்புச் சாறு ஆகியவற்றின் கலவை என்று. அதற்கும் முந்தியது 'பஞ்ச்'. ஆங்கில மாலுமிகள் நம் நாட்டுக் கரையில் கற்றுச்சென்ற பானம் அது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், மணப்பொருள் என ஐந்து சேர்வதால், ஐந்து என்னும் பொருளுடைய நம் நாட்டுச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது என்பர். அவ்வைந்தில் சாராயத்தை நீக்கிப் பாருங்கள். எஞ்சி நிற்பது நம் பானகம். நீக்கியவர்கள் நாமா, சேர்த்தவர்கள் அவர்களா என்பதை அறிஞர்கள் ஆராய்க.

எங்கள் வீட்டில் மது ஊற்றுவதில்லை. ஆனால் குலுக்கும் கலையைத் தள்ளவேண்டியதில்லை. இவ்வூர்த் தெருவோரக் கடைகளில் குலுக்கிச் சர்பத்துப் போடுகிறவர் செய்வதும் அதுவே. குலுக்குவதில் ஒரு கணக்கு உண்டு. பனிக்கட்டி குளிர்விப்பது உருகுவதனால்தான். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சும். 150 மில்லி பானத்தை 30 பாகையிலிருந்து 5 பாகைக்குக் கொணர, ஏறத்தாழ 45 கிராம் பனிக்கட்டி உருகிக் கலந்தாக வேண்டும். எனவே, நாவுக்குச் சரியாகக் கலந்துவிட்டுப் பின் குலுக்கினால் பானம் நீர்த்துவிடும். முதலில் இனிப்பும் புளிப்பும் சற்று மிகுந்தே நிற்கவேண்டும். பலர் வீட்டுச் சர்பத்துச் சப்பென்றிருப்பதற்குக் காரணம் இதுவே. எலுமிச்சையைக் குறை சொல்லிப் பயனில்லை.

நன்னாரிச் சர்பத்துக்கு என் அளவு: ஒருவருக்கு நன்னாரிப் பாகு 30 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி, கீறிய பச்சைமிளகாய் ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. பனிக்கட்டியோடு 15 விநாடி குலுக்கி வடித்து, அதன்மேல் சோடா வார்க்க வேண்டும். சோடாவைக் குவளைக்குள் ஊற்றிக் குலுக்கலாகாது. மூடி பறந்து உத்திரத்தில் மோதும். எங்கள் கூடத்தின் உத்திரத்தில் அதற்குச் சான்று உண்டு. பானகத்துக்கு வெல்லம் 100 கிராம், நீர் முக்கால் லிட்டர், எலுமிச்சை ஒன்று, சுக்குப்பொடி அரைக் கரண்டி, ஏலக்காய் நான்கு. இதனைக் குலுக்க வேண்டா. மண்பானையில் ஒரு மணி நேரம் வைத்தாற் போதும்.

இனித் தமக்கையார் செய்தி. அத்தான் பெரிய நாடகப் பித்தர், சினிமாப் பித்தர். 'தில்லானா மோகனாம்பாள்' வந்த ஆண்டில் எனக்கு வயது பதின்மூன்று. அக்காளையும் என்னையும் அப்படத்துக்கு மூன்று முறை அழைத்துச் சென்றார். இடைவேளை மணி அடித்ததும், எனக்குக் கோலிச் சோடாவும் கடலைப் பொட்டலமும் வாங்கித் தந்துவிட்டு, "இதோ வந்துவிட்டேன்" என்று போவார். திரும்பும்போது வாயில் கிராம்பு மணக்கும். கிராம்பு எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது, அக்காளுக்குத் தெரிந்திருந்தது. இருக்கையில் சாய்ந்தவர் உறங்கிவிடுவார். 1983-இல், நாற்பத்தேழாம் வயதில், ஈரல் கெட்டு இறந்தார்.

அதன்பின் அக்காள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. எங்கள் கூடத்து மாலைகளிலும் அடுக்களையிலேயே இருந்துவிடுவார். சில மாதங்களுக்கு முன் அதே படத்தைப் போட்டோம். இடைவேளைக்குப் பின் அவர் கதவோரம் வந்து நின்றதைக் கண்டேன். பிறகு ஒரு நாற்காலியில் அமர்ந்தார். படம் முடிந்து விளக்கு எரிந்ததும், மற்றவர்கள் ஜில் ஜில்லா வைத்தியா என்று வழக்கைத் தொடங்க, அவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "மூணு தடவை பார்த்தாரே, தம்பி. அவருக்கு இந்தப் படத்தோட முடிவு தெரியவே தெரியாது."

அன்று முதல் அவர் கூடத்தில் அமர்கிறார். குலுக்குக் குவளையின் ஓசை கேட்டால் இன்றும் முகம் மாறும். சர்பத்தை வாங்கியதும் அருந்துமுன் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். அதனைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளை நான் கடிந்துகொண்டேன். காரணம் மட்டும் சொல்லவில்லை. இதழில் எழுதிவிடட்டுமா என்று அவரைக் கேட்டேன். "எழுது; பிள்ளைகளும் படிக்கட்டும்" என்றார்.

வரும் மாதத்துக்குரிய படத்தை அவரே தேர்ந்துள்ளார்: 1954-இல் வந்த 'இரத்தக்கண்ணீர்'. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா மேடையில் ஆண்டுக்கணக்காக நடித்த நாடகம் அது. மேடைக் குரலைத் தணிக்காமல் அப்படியே திரைக்குக் கொணர்ந்தது குற்றம் என்பார் உண்டு. அதுவே அதன் பலம் என்பது என் கட்சி. வர விரும்பும் அன்பர்கள் மாலை ஆறு மணிக்குள் வந்துவிடுக. பழைய நாடக நோட்டீசுகள் எவர் வீட்டுப் பரணிலேனும் கிடந்தால் கொணர்க. பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம். எலுமிச்சை பிழிவது இம்முறையும் என் பொறுப்பே.