பைனாகுலர் கொள்முதல்: பார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, கண்ணாடியை!

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கச் செல்வோரும், ஊட்டி, கொடைக்கானல் செல்லும் குடும்பத்தினரும் கையடக்க பைனாகுலர் கேட்டு நம் கடைகளுக்கு வருகின்றனர். விற்ற சரக்கு மறுவாரமே "ஓரமெல்லாம் மங்கலாகத் தெரிகிறது" என்ற புகாருடன் திரும்பி வருவதும் உண்டு. கொள்முதலின்போதே சில சோதனைகளைச் செய்துவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

முதலில் எண்கள். 8 × 25 என்றால் உருப்பெருக்கம் 8 மடங்கு, முன்கண்ணாடியின் விட்டம் 25 மி.மீ. என்று பொருள். ஆனால் 30 × 60 என்று அச்சிட்டு வரும் சிறு ரகங்களில் முன்கண்ணாடியை ஸ்கேல் வைத்து அளந்தால், பலவற்றில் 22 மி.மீ. அளவே இருக்கும். உருப்பெருக்கமும் 30க்கு வெகு குறைவுதான். எனவே அளந்து பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

அடுத்து ஓரக் கூர்மை. பைனாகுலரை மேசை மீது அசையாமல் ஊன்றி, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையின் ஓர் எழுத்தை நடுவில் வைத்துத் தெளிவாக்குங்கள். பிறகு அந்த எழுத்து ஓரத்துக்குச் செல்லும்படி மெல்லத் திருப்புங்கள். நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள தூரத்தில் முக்கால் பங்கு வரை தெளிவு நின்றால் நல்ல சரக்கு. பாதியிலேயே மங்கினால் ஒதுக்கிவிடலாம்.

மங்கிய எழுத்து, ஃபோகஸ் திருகைச் சற்றுத் திருப்பியதும் தெளிகிறதா? அப்படியானால் காரணம் பிம்பத்தளத்தின் வளைவு. அது அவ்வளவாக உறுத்தாது. தெளியாவிட்டால் லென்சிலேயே வேறு குறை இருக்கிறது. எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஒரே உருப்பெருக்கமுள்ள இரண்டைத்தான் ஒப்பிட வேண்டும். அப்போதும் பார்வைப் பரப்பைக் கவனியுங்கள். குறுகிய பரப்பைக் காட்டும் பைனாகுலரில் ஓரம் கூர்மையாகவே தோன்றும். மங்கும் பகுதியை அது காட்டுவதே இல்லை! 1000 மீட்டர் தொலைவில் 110 மீட்டர் அகலம் காட்டுவதும் 80 மீட்டர் காட்டுவதும் ஒன்றாகா.

முன்கண்ணாடியில் டியூப்லைட்டின் பிம்பம் வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை; மங்கிய பச்சை, ஊதா நிறங்களில் தெரிந்தால் பூச்சு உண்டு. கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பூச்சு சிவப்பொளியைத் திருப்பி அனுப்புவதால் காட்சி நீலப்பச்சையாகும். இரு கண்ணாலும் பார்க்கும்போது உருவம் இரண்டாகப் பிரிந்தால் அந்த உருப்படியை உடனே திருப்பி அனுப்புங்கள். வாங்கியவருக்குத் தலைவலி நிச்சயம்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகச் செயல். பொய்யான எண்ணை அச்சிட்டவர் எங்கோ இருப்பார். பதில் சொல்ல வேண்டியவர் கல்லாவில் இருக்கும் நாம்தான். ஆகவே கடையில் ஒரு சாம்பிளைத் திறந்து வைத்து, வாடிக்கையாளரையே பார்த்து வாங்கச் செய்வோம்.