பிறந்தநாள் ஒன்று, வாழ்வு வேறு

இந்தியக் கிரிக்கெட் வீரர் ஐவர்க்கு டிசம்பர் 6 பிறந்தநாளாகும். ஆர். பி. சிங் (1985), இரவீந்திர ஜடேஜா (1988), கருண் நாயர் (1991), ஜஸ்பிரித் பும்ரா (1993), ஷ்ரேயஸ் ஐயர் (1994) ஆகியோரே அவர்கள். இதனை அந்நாளின் தனிச்சிறப்பு என்பார் உளர். நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

ஓர் ஆட்டத்தில் வீரர்கள் 22 பேர், களநடுவர் இருவர். இந்த 24 பேருள் இருவர்க்குப் பிறந்தநாள் ஒன்றாதல் அரிதென்றே தோன்றும். ஆனால், அவர்களை இருவர் இருவராக இணைத்துப் பார்த்தால் 276 இணைகள் கிடைக்கின்றன. ஆதலின், ஓர் இணையேனும் ஒத்துப்போகும் வாய்ப்புப் பாதிக்கும் மிகுதியாகும். ஆட்களின் எண்ணிக்கை பெருகப் பெருக வியப்புக் குறைகிறது.

நாள் ஒன்றாவதால் வாழ்வும் ஒன்றாகுமோ? ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வா, மார்க் வா இருவரும் 1965 ஜூன் 2இல் பிறந்த இரட்டையர். ஸ்டீவ் 1985இலேயே டெஸ்ட் களம் கண்டார். மார்க் 1991 ஜனவரி வரை காத்திருந்தார். அப்போது அவருக்குக் கிடைத்ததோ, நீக்கப்பட்ட ஸ்டீவின் இடம்! முதல் இன்னிங்சிலேயே அவர் 138 ஓட்டங்கள் குவித்தார்.

2016இல் சென்னையில் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் எடுத்த கருண் நாயர், மறு ஆண்டே டெஸ்ட் அணியில் இடமிழந்தார். உள்ளூர்ப் போட்டிகளில் ஓட்டங்கள் சேர்த்து, 2025இல் மீண்டும் இடம்பெற்றார். அவருடன் பிறந்தநாளைப் பகிரும் பும்ராவோ 2024இல் 200 டெஸ்ட் விக்கெட்டுகளை எட்டினார்.

பிறந்தநாள் நாம் தேடிப் பெற்றதன்று. பயிற்சியோ நாம் தேடிக்கொள்வது. வாய்ப்பு வரும் நாளை எவரும் அறியார். அது வருங்கால் ஆயத்தமாய் இருத்தலே நம் கையில் உள்ளது.