திரும்பிப் பார்த்து அளப்பது

ஆரணியில் மாடி ஏறி மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். ஊர் ஓரமாகப் போகும் கமண்டல நாகநதிக்கு அந்த மலைதான் தாய்மடி. வனக்காப்பாளர் தேர்வுக்குப் படிக்கிறவர்களும், மரக் கணக்கெடுப்புக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “செல்போனில் ஜி.பி.எஸ். இருக்கும்போது காம்பஸ் எதற்கு?”

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் போன் சொல்லும். அடர்ந்த மரத்தடியிலும் ஒடுங்கிய பள்ளத்திலும் அதுவே பல மீட்டர் தள்ளிச் சொல்லும். தள்ளிச் சொன்னது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. காம்பஸும் தவறும். ஆனால் அந்தத் தவறை அங்கேயே, அப்போதே பிடித்துவிட வழி இருக்கிறது. காட்டு அளவையில் முதலில் பழக வேண்டியது அந்த வழியைத்தான்.

வடக்கை 0 என்று வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் எண்ணுங்கள். கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. நிற்கும் இடத்திலிருந்து ஒரு பாறையைக் குறிவைத்துப் பார்க்கிறீர்கள், 60 டிகிரி காட்டுகிறது. அதைக் குறித்துக்கொண்டு பாறைக்கு நடந்து போய், புறப்பட்ட இடத்தைத் திரும்பிப் பாருங்கள். 180 கூடி 240 வர வேண்டும். 236 வந்தால் இரண்டு முனைகளில் ஏதோ ஒன்றில் முள்ளை எதுவோ இழுக்கிறது. இடுப்பில் செருகிய அரிவாளாக இருக்கலாம், பெல்ட் கொக்கியாக இருக்கலாம், காந்த மூடி வைத்த போன் உறையாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் நாலு அடி தள்ளி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் காலடி மண்ணைச் சந்தேகப்படுங்கள். நம் மாவட்டத்திலேயே திருவண்ணாமலைக்கு அருகே கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இருப்பது காந்தத் தன்மையுள்ள இரும்புத்தாது. அப்படிப்பட்ட நிலத்தில் ஒற்றை வாசிப்பை நம்பி நடந்தவர் வேறு எங்கோ போய் நிற்பார்.

நாலு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் தொலைவில் பதினேழரை மீட்டர் விலகிவிடும். நாலு டிகிரி என்றால் 70 மீட்டர். காப்புக்காட்டின் எல்லைக்கல்லைத் தேடிப் போகிறவருக்கு 70 மீட்டர் என்பது ஓர் ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்கிற வித்தியாசம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் தொடங்கி, காப்புக்காடு என்று அறிவிக்கும்போது அதன் எல்லையை எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஒரு மலைவாசியின் தினை வயல் காட்டுக்கு உள்ளே போகுமா வெளியே நிற்குமா என்பது அந்தக் கோட்டைத் தரையில் யார், எவ்வளவு கவனமாகக் காட்டுகிறார் என்பதையும் பொறுத்தது. அதனால்தான் இதை வெறும் கருவிப் பழக்கமாக என்னால் நினைக்க முடிவதில்லை.

காந்த முள் காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. நம் பகுதியில் முள் மேற்கே இரண்டு டிகிரிக்குள்தான் விலகுகிறது. வரைபடத்தோடு ஒப்பிடும்போது மட்டும் இதைக் கணக்கில் சேர்த்தால் போதும்.

அடுத்தது தூரம். டேப் இல்லாதபோது காலடிதான் அளவுகோல். ஆரணி கோட்டை மைதானத்தில் 100 மீட்டரை டேப்பால் அளந்து இரண்டு குச்சி நட்டு, வழக்கமான நடையில் நடந்து, வலது கால் தரையில் படும்போது மட்டும் எண்ணுங்கள். பெரும்பாலோருக்கு 60, 65 வரும். போக நாலு, வர நாலு என்று எட்டு முறை நடந்து சராசரி எடுங்கள். மேட்டில் ஏறும்போது அடி குறுகும் என்பதால் மலையில் தனியாக இன்னொரு முறை எண்ணியாக வேண்டும்.

சரிவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வரைபடம் தட்டையானது, மலை அப்படியில்லை. இந்திய வன அளவைத் துறை மரக் கணக்கெடுப்புக்கு வைத்திருந்த சதுரத் திட்டு 0.1 ஹெக்டேர். நடுப்புள்ளியிலிருந்து 45, 135, 225, 315 டிகிரிகளில் 22.36 மீட்டர் போனால் நாலு மூலையும் கிடைக்கும். அந்த 22.36 மட்டமான தூரம். 30 டிகிரி சரிவில் நேரே மேல்நோக்கிப் போகிறவர் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் 25.82 மீட்டர் போக வேண்டும். திட்டு முழுவதும் அதே சரிவாக இருந்து, எந்தப் பக்கமும் இதைக் கூட்டாமல் விட்டால், திட்டின் பரப்பு நூற்றுக்குப் பதின்மூன்று குறையும். எண்ணும் மரமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். சரிவை அளக்கக் கருவி இல்லையென்றால் டேப்பை மட்டமாகப் பிடித்து, முனையிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, படிப்படியாக அளந்து போகலாம். நேரம் ஆகும், ஆனால் கணக்கு பிசகாது.

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து நாட்டின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனும் ஒரு முனையில் அளந்ததை மறுமுனையில் இப்படித்தான் சரிபார்த்தார். மலைக்கு மலை கோணம் பார்த்துக்கொண்டே அவர் மேற்கே நகர்ந்தபோது, கருங்குழியிலிருந்து குறிவைத்த ‘கர்னாட்டிகர்’ என்னும் கோட்டை மலை நம் ஜவ்வாதுத் தொடரில் இருப்பது. 1804இல் பெங்களூர் அருகே இன்னோர் அடிக்கோட்டை நேரிலேயே அளந்து பார்த்தார். முக்கோணக் கணக்கில் வந்த நீளத்துக்கும் தரையில் அளந்ததற்கும் வித்தியாசம் நாலு அங்குலம்கூட இல்லை.

நெசவுக்குப் பாவு நீட்டும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இரு முனையிலும் சரிபார்ப்பது புதிதல்ல. பாவை இழுத்துக் கட்டியதும் ஒரு முனையில் நிற்பவர் பார்த்தால் போதாது. எதிர்முனையில் இருப்பவரும் குனிந்து, கண்ணை இழைக்கு நேராக வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

பழக விரும்புகிறவர்கள் மைதானத்தில் ஐந்து குச்சிகளை ஒழுங்கில்லாமல் நட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் கோணம், இடையில் டேப் தூரம் என்று நோட்டில் எழுதியபடி சுற்றி முதல் குச்சிக்கே வாருங்கள். வீட்டில் அளவுகோலும் பாகைமானியும் வைத்து வரைந்து பார்த்தால் கடைசிக் கோடு முதல் புள்ளியைத் தொடாமல் நிற்கும். மொத்தச் சுற்று 300 மீட்டர் என்றால் அந்த இடைவெளி ஒரு மீட்டருக்குள் வரும்வரை மறுபடி மறுபடி நடங்கள். அது வந்த பிறகு, வனத்துறையின் அனுமதியோடு, மலைக்குப் புறப்படலாம்.