90 சதவீதத்தின் பொருள்

மட்டாஞ்சேரிக் கிளையில் நாம் பணியாற்றத் தொடங்கிய நாள் முதல் சுக்கு, மிளகு மணமின்றி ஒரு காலைப் பொழுதும் விடிந்ததில்லை. கிடங்குகளில் சுக்கைப் புடைத்துத் தரம் பிரிக்கும் பெண்கள் பலர் நம் வாடிக்கையாளர்கள். அவர்களுள் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார், வயது 58, சென்ற ஆண்டு ஒரு நாள் தம் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டு வந்தார். (அவருடைய இசைவுடன், பெயரை விடுத்து இதை எழுதுகிறோம்.)

மார்பிலிருந்த கட்டியை அறுவை சிகிச்சையால் அகற்றிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆய்வகத்தின் அறிக்கை அன்று காலையில்தான் கைக்குக் கிடைத்ததாம். "பாசிட்டிவ்னு போட்டிருக்கு சார். அதுவும் தொண்ணூறு சதவீதம். எடுத்தது போக இன்னும் அவ்வளவு உள்ளே இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார். கொரோனா நாட்களுக்குப் பின் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டு அஞ்சாதார் யார்?

நாம் வணிகவியல் பயின்றவர்கள். சதவீதம் நமக்குப் பழகிய கணக்கு. ஆயினும் எதில் சதவீதம் என்று அறியாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை என்பதும் அக்கணக்கில் கற்ற பாடமே. "முதலில் மருத்துவரைக் கேட்டு வாருங்கள் அம்மா, வைப்பை நாளைக்கும் முடிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினோம். அதன்பின் அந்தத் தாளைப் பற்றி நாமும் படித்தறியத் தொடங்கினோம்.

அதில் இருந்த ஈ.ஆர். என்ற இரண்டெழுத்து, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் குறிப்பது. ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. எனினும் அதற்குரிய ஏற்பி உள்ள உயிரணுக்களே அதன் சொல்லைக் கேட்கின்றன. ஏற்பி என்பது பெரும்பாலும் உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் ஒரு புரதம். வங்கி லாக்கரின் பூட்டைப் போல் அதைக் கருதலாம். சாவியாகிய ஈஸ்ட்ரோஜன் அதில் பொருந்தியதும், ஏற்பி மரபணுக்களின் மீது அமர்ந்து 'பெருகுக' என்ற ஆணையைப் பிறப்பிக்கிறது. மார்பு, கருப்பை, எலும்பு ஆகியவற்றின் இயல்பான வளர்ச்சிக்கும் நலத்துக்கும் இவ்வேற்பி வேண்டும். மார்பின் உயிரணு புற்றாக மாறிய பின்னரும் அதே பூட்டு அதில் இருந்தால், அதே சாவியால் புற்றும் வளரும்.

அகற்றிய கட்டியின் புற்றணுக்களுள் 90 சதவீதத்தில் இந்த ஏற்பி காணப்பட்டது என்பதே அந்த அறிக்கையின் பொருள். உடலில் எஞ்சிய நோயின் அளவு அதில் கூறப்படவே இல்லை. சாவியைத் தடுத்தால் நோயை அடக்கலாம் என்று காட்டுவதால் அது நம்பிக்கை தரும் செய்தியும் ஆகும். மேலை நாடுகளில் மார்பகப் புற்றுகளுள் பத்தில் ஏழு இவ்வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டில் அவ்விகிதம் சற்றுக் குறைவு. 'நெகட்டிவ்' என்று வந்தவர்களுக்கும் வேறு சிகிச்சைகள் உண்டு; இம்மாத்திரைகள் மட்டும் அவர்களுக்குப் பயன்படா.

இந்த உண்மை எளிதில் கிடைத்ததன்று. 1896ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், சூலகத்தை அகற்றினால் சில பெண்களின் மார்பகப் புற்று சுருங்குவதை எழுதிவைத்தார். சிலருக்கு மட்டும் ஏன் என்ற வினாவுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் விடையில்லை. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜன் எங்கே சென்று தங்குகிறது என்று தொடர்ந்து பார்த்து ஏற்பியைக் கண்டறிந்தார். அது இல்லாத புற்றுக்குச் சூலகத்தை அகற்றிப் பயனில்லை என்பது அதன்பின் விளங்கியது.

மருந்து வந்த கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் 1960களில் கருத்தடைக்காகத் தமாக்சிஃபென் என்ற பொருளை உருவாக்கினர். பெண்களுக்கு அது கருத்தடையாகப் பயன்படவில்லை. ஆனால் பூட்டில் நுழைந்து திரும்பாமல் நிற்கும் போலிச் சாவியாக மார்பகப் புற்றில் அது வேலை செய்தது. 1973இல் பிரிட்டனில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. விந்தை என்னவெனில், மார்பில் தடுக்கும் அதே சாவி கருப்பையில் ஓரளவு திரும்பிவிடும். ஆகவே இம்மருந்தை உண்போர் மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கைக் கண்டால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும்.

இதே நெறியில் நம் நாட்டுக்கும் பெருமைக்குரிய பங்கு உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்தும் அவர்தம் குழுவினரும் சென்ட்குரோமன் என்ற மருந்தை ஆக்கினர். அதுவும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஓரிடத்தில் தடுத்தும் வேறிடத்தில் தூண்டியும் செயல்படுவதே. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்துஸ்தான் லேட்டக்ஸ் அதை 'சஹேலி' என்ற பெயரில் 1990களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை உண்ணும் கருத்தடை மாத்திரை அது. அரசின் குடும்ப நலத் திட்டத்தில் இப்போது 'சாயா' என்று வழங்குவதும் அதுவே.

நம் அம்மையாருக்கு மருத்துவர் தந்தது லெட்ரோசோல். மாதவிடாய் நின்ற பின்னரும் கொழுப்புத் திசு முதலியவற்றில் சிறிது ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது. அந்த உற்பத்தியையே இம்மருந்து நிறுத்துகிறது, சாவி வார்க்கும் பட்டறையை மூடுவதைப் போல. நாள்தோறும் ஒன்று, குறைந்தது ஐந்து ஆண்டுகள். எலும்பு தேயக்கூடும் என்பதால் அதற்கும் பரிசோதனை உண்டு. மூட்டு வலிக்கிறது, நோய்தான் போய்விட்டதே என்று இடையில் அவரும் பத்து நாள் நிறுத்தியிருக்கிறார். மகளுக்குத் தெரிந்து கண்டித்த பின்னரே மீண்டும் தொடங்கினார். பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஏற்பியுள்ள புற்றுக்கு ஐந்தாண்டு தமாக்சிஃபென் உண்டவர்களிடம் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐந்து ஆண்டு உண்டால் கிடைக்கும் பயன் அது. வலி பொறுக்காவிட்டால் மருந்தை மாற்ற வழியுண்டு. மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதே ஆபத்து.

செலவைப் பற்றி வங்கியாளர் பேசாதிருக்க இயலாது. தமாக்சிஃபென் ஒரு நாள் மாத்திரையின் விலை ஒரு குவளைத் தேநீரின் விலையை எட்டாது. கேரள அரசு 2024 ஆகஸ்டு முதல் காருண்யா மருந்தகங்கள் சிலவற்றில் புற்றுநோய் மருந்துகளை இலாபமின்றி விற்கிறது. வைப்பை முடிக்கும் படிவம் கேட்பதற்கு முன், அந்த விலைப்பட்டியலைக் கேட்பது நன்று.

அம்மையார் வைப்பை முடிக்கவில்லை. சென்ற மாதம் அது முதிர்ந்தபோது புதுப்பிக்க வந்தார். அறுபது நிறைந்தால் கூடுதல் வட்டி உண்டல்லவா என்று கேட்டார். உண்டு, இன்னும் ஓராண்டு ஆகுமே என்றோம். "அப்ப ஒரு வருஷத்துக்கு மட்டும் போடுங்க சார், அப்புறம் வந்து மாத்திக்கிறேன்" என்று கூறிக் கையெழுத்திட்டார்.