நூலைப் படியெடுத்தல்: சட்டமும் அறமும்

தமிழ் நூல்கள் ஓலைச் சுவடிகளில் வாழ்ந்த காலத்தில் ஒரு நூலைப் பெயர்த்தெழுதுதல் நற்செயலாகவே போற்றப்பட்டது. செல்லரித்த ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுத்தவர் அந்நூலுக்கு வாழ்நாளை நீட்டித்துக் கொடுத்தவரானார். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842ஆம் ஆண்டில் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அச்சேறும் வரை ஏட்டுப் பிரதிகளிலேயே உயிர் தரித்திருந்தது. பெயர் தெரியாத எவரெவரோ எழுத்தாணி பிடித்துப் படியெடுத்திராவிடில் அக்காப்பியம் நம் கைக்கு வந்திராது.

இன்று அதே செயலை நம் மாணவர் கைப்பேசியில் செய்கின்றனர். இரு வகுப்புகளுக்கு இடைப்பட்ட பொழுதில் ஐந்நூறு பக்க நூலொன்றை இறக்கிக்கொள்கின்றனர். சென்ற பருவத்தில் முதுகலை மாணவர் ஒருவர், "சார், நான் படிப்பதற்காக மட்டும் ஒரு நூலை இறக்கிக்கொண்டால் அது குற்றமா? அது ஹராமா?" என்று வினவினார். ஒரே மூச்சில் கேட்கப்பட்டவை எனினும் இவை இரு வேறு வினாக்கள். ஒன்றுக்கு விடை சட்டத்தில் உண்டு; மற்றொன்றுக்கு விடை தேட நான் என்னையே விசாரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நூலாசிரியருக்குத் தம் படைப்பின் மீதுள்ள உரிமையைச் சிலர் பதிப்புரிமை என்பர். சிலர் காப்புரிமை என்பர். பின்னைய சொல் புதுப்புனைவுகளுக்குரிய உரிமையையும் குறிக்குமாதலின் இக்கட்டுரையில் பதிப்புரிமை என்ற சொல்லையே ஆள்கின்றேன். கடையில் ஒரு நூலை விலை கொடுத்து வாங்கும்போது நமக்குச் சொந்தமாவது தாளும் மையும் கட்டடமுமே. அதனைப் பெருக்கும் உரிமை ஆசிரியரிடமோ அவரிடமிருந்து உரிமை பெற்றவரிடமோ நின்றுவிடுகிறது. ஆம்பூர்ப் பகுதியில் இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர் பொறித்த காலணியை இங்குள்ள ஷூ கம்பெனி தைத்துக் கொடுக்கிறது. தோல் இங்குப் பதனிடப்பட்டது. உழைப்பு நம் வீட்டுப் பெண்களுடையது. ஆயினும் அதே பெயரைப் பொறித்து நூறு இணைகளைத் தனியே தைத்துச் சந்தையில் விற்க அந்தக் கம்பெனிக்கு உரிமையில்லை. பொருள் வேறு, பொருளின் மீதான பெயருரிமையும் வடிவுரிமையும் வேறு என்பதை ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தாயின் மகனுக்கு நான் கற்பிக்க வேண்டுமா?

நம் நாட்டில் இன்று நடைமுறையிலுள்ளது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். இதன்படி ஆசிரியரின் வாழ்நாள் முழுமையும், அவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து மேலும் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். 1964இல் மறைந்த ஒருவரின் நூல்கள் 2024 முடியும் வரை உரிமைக்கு உட்பட்டிருந்தன. தொடக்கத்தில் இக்காலம் 50 ஆண்டுகளாகவே இருந்தது. 1941இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் நூல்கள் 1991இன் இறுதியில் பொதுச்சொத்தாகவிருந்த வேளையில், விசுவபாரதியின் உரிமையைக் கருதி மேலும் பத்தாண்டுகள் கூட்டப்பட்டன. ஒரு கவிஞரின் பொருட்டு நாட்டிலுள்ள எழுத்தாளர் அனைவருக்கும் காலம் நீண்டது!

உரிமையை வழங்கிய அதே சட்டம் 52ஆம் பிரிவில் விலக்குகளையும் வகுத்துள்ளது. ஆராய்ச்சி உட்பட, ஒருவரின் தனிப்பட்ட பயன்பாட்டிற்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாளுதல் உரிமை மீறலாகாது. திறனாய்வுக்கும் மதிப்புரைக்கும் இதே விலக்கு உண்டு. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பைப் படியெடுப்பதற்குத் தனி விலக்கு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றிக்கொள்ளும் உரிமை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. பார்வையற்றோர்க்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

நியாயமான முறை என்பதன் எல்லை எது? பத்துப் பக்கமா, ஓர் இயலா, முழு நூலா? சட்டம் அளவுகோல் எதையும் தரவில்லை. இவ்வினா நீதிமன்றம் ஏறிய வரலாறு கல்லூரியில் பயிலும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது.

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேசுவரி என்னும் பெயருடைய ஜெராக்ஸ் கடை ஒன்று உண்டு. பாடத்திட்டத்திற்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து திரட்டி, ஒரே கட்டாகப் படியெடுத்து மாணவர்க்கு அக்கடை விற்றுவந்தது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனமும் அக்கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. விந்தை என்னவெனில், எவருடைய உரிமையைக் காப்பதாகப் பதிப்பகங்கள் கூறினவோ அவ்வறிஞர்களிலேயே பலர் மாணவர் பக்கம் நின்றனர். அமர்த்தியா சென் வழக்கைக் கைவிடுமாறு பதிப்பகத்தாரை வேண்டிக்கொண்டார். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாகவோ இறைவனாலோ அருளப்பட்ட உரிமையன்று, அறிவு வளரும் பொருட்டுச் சட்டம் வகுத்துக் கொடுத்ததே அது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வாண்டு டிசம்பரில் இருவர் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவுக்குப் படியெடுக்கலாம் என்ற கொள்கையை ஏற்று, எடுத்த பகுதிகள் உண்மையிலேயே கற்பித்தலுக்குத் தேவையானவையா என்பதை மட்டும் விசாரிக்க வழக்கைத் திருப்பியனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

இத்தீர்ப்பைக் கேட்ட மாணவர் சிலர் எதையும் எவ்வளவும் இறக்கிக்கொள்ளலாம் எனக் கருதிவிட்டனர். அது பிழை. அவ்வழக்கு, பல்கலைக்கழக நூலகம் விலைக்கு வாங்கிய நூல்களிலிருந்து பாடத்திற்குரிய பகுதிகளை எடுத்தது பற்றியது. உரிமையின்றி ஒருவர் இணையத்தில் ஏற்றிவைத்த முழு நூலை எடுப்பதற்கு அத்தீர்ப்பு அடைக்கலம் தராது. தனிப்பட்ட பயன் என்னும் விலக்கு அதற்கு ஒருகால் பொருந்தும் என வாதிடலாம். வெல்லும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. இறக்கிய நூலை வாட்ஸப் குழுவில் அனுப்பும் அக்கணமே அது தனிப்பட்ட பயன் என்னும் தன்மையை இழந்துவிடுகிறது. அறிந்தே உரிமை மீறுவோர்க்கு ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. வணிக ஆதாயம் கருதாத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டெனினும் குற்றம் குற்றமே.

சட்டம் இவ்வளவில் நிற்கட்டும். மாணவரின் இரண்டாம் வினாவுக்கு வருவோம்.

மார்க்க அறிஞரிடையே இப்பொருளில் ஒரு காலத்தில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. கல்வியை மறைத்தலாகாது என்னும் அடிப்படையில், நூல் வெளியான பின் அச்சிடும் உரிமையை ஒருவர் தமக்கென நிறுத்திக்கொள்ள முடியாது எனக் கொண்டோர் இருந்தனர். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ தம் நூல்களை எவர் வேண்டுமாயினும் அச்சிடலாம் என விட்டுவைத்தவர். ஆயின், அது அவர் தம் உடைமையைத் தாமே ஈந்த கொடை என்பதை மறத்தலாகாது. பிறர் அவரிடமிருந்து பறித்துக்கொண்டதன்று. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி, நூலாக்க உரிமை மார்க்கத்தால் பாதுகாக்கப்பட்ட உரிமையே, அதில் அத்துமீறுதல் கூடாது எனத் தீர்மானித்தது. நம் முன்னோர் ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்டு, அதனைப் பிறர்க்குச் சொல்ல அவரிடம் இஜாஸா பெற்ற மரபையும் இங்கு நினைக்கலாம். படியெடுக்க எவரும் தடை செய்யவில்லை. எனினும் உரியவரின் இசைவு பெறாமல் அறிவைக் கைமாற்றுதல் நாகரிகமாக எண்ணப்படவில்லை. திருவள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரமும் கள்ளாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார் அன்றோ?

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் நான் தவறினேன். சில ஆண்டுகளுக்கு முன், வட ஆர்க்காட்டு வாழ்வைச் சித்திரிக்கும் புதினமொன்றைத் துணைப்பாடமாகப் படிக்கச் சொன்னேன். ஒரு பிரதி மட்டும் வாங்கி, மாணவர் ஒருவரைக் கொண்டு பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டேன். ஏழை மாணவர்க்கு உதவியதாக எண்ணி உள்ளூர மகிழவும் செய்தேன். அப்புதினத்தின் ஆசிரியரே பின்னர் எங்கள் துறை விழாவிற்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். மாணவர் அன்போடு அவரைச் சூழ்ந்து, தாம் படியெடுத்துக் கட்டிய ஜெராக்ஸ் தாள்களை நீட்டிக் கையொப்பம் கேட்டனர். அவர் முகம் மாறாமல் ஒவ்வொன்றிலும் கையொப்பமிட்டார். தேநீர் அருந்தும்போது மெல்லச் சொன்னார்: "ஐந்நூறு பிரதி போட்டோம். பாதிச் செலவு என் ஓய்வூதியப் பணம். வீட்டுப் பரணில் இருநூறு அப்படியே கிடக்கின்றன. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதி விலைக்கே தந்திருப்பேனே, தம்பி."

ஹக்குல் இபாத் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். மனிதர்க்கு மனிதர் செலுத்த வேண்டிய கடனை உரியவரே மன்னித்தாலன்றித் தீராது என்கிறோம். அன்று என்முன் தேநீர்க் குவளையுடன் அமர்ந்திருந்தவர் அவ்வுரியவர். மறுவாரம் மாணவரிடம் இயன்றதைத் திரட்டி, எஞ்சியதை நான் இட்டு, முப்பது பிரதிகள் அவரிடமே வாங்கினோம். அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டார். அது குறித்து ஒன்றும் பேசவில்லை.

அந்நிகழ்ச்சிக்குப் பின் சட்டப் பிரிவுகளைவிட, இழப்பு எவர் தலையில் விழுகிறது என்ற கேள்வியையே முதலில் கேட்டுப் பார்க்கிறேன். ஐயாயிரம் ரூபாய் விலையுள்ள ஆங்கில ஆய்வு நூலின் ஓர் இயலை மாணவர் படியெடுத்தால் அதன் ஆசிரியர் பட்டினி கிடக்கப் போவதில்லை. அவர் பல்கலைக்கழகத்தில் ஊதியம் பெறுபவர். சில நூறு பிரதிகளை விற்க ஆண்டுகள் காத்திருக்கும் தமிழ் எழுத்தாளரின் நூலை ஐம்பது பேர் இலவசமாகப் பெற்றால் அடுத்த நூலே அச்சேறாமற் போகலாம். சட்டத்தின் முன் இவ்விரு நூல்களும் ஒன்றே. என் மனச்சான்றின் முன் ஒன்றல்ல. இதனைச் சட்ட அறிஞர் ஏற்க மாட்டார் என்பதை அறிவேன்.

நூல் மக்களுக்கும் எட்ட வேண்டும், உரியவருக்கும் ஏதேனும் சேர வேண்டும் என்னும் சிக்கலுக்குத் தமிழகம் கண்ட வழி உலகில் அரிதானது. பாரதியார் பாடல்களின் உரிமை அவர் மறைவுக்குப் பின் கை மாறிக் கை மாறி, திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பனாரிடம் சென்று நின்றது. டி. கே. சண்முகம் சகோதரர்கள் தம் பில்ஹணன் படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது பூசல் எழுந்தது. மக்களுக்குரிய கவி மக்களுக்கே என்ற கிளர்ச்சி வலுத்தது. மெய்யப்பனார் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் ஓமந்தூர் இராமசாமியார் அரசு நூல்களின் உரிமையை ஏற்று, கவிஞரின் குடும்பத்தார்க்குத் தொகை வழங்கியது. 1955இல் அவை பொதுமக்களுக்கே உரியவையாயின. அன்று தொடங்கிய நாட்டுடைமை மரபில் இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளரின் படைப்புகள் அடங்கும். குடும்பத்தார்க்குப் பரிவுத்தொகை அளிக்கப்படுகிறது. நம் கவி கா. மு. ஷெரீப்பின் நூல்களும் அவ்வரிசையில் உள்ளன.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இந்நூல்கள் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் உள்ளன. ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் உண்டு. எவர் கடனையும் சுமக்காமல் ஒருவர் வாழ்நாளெல்லாம் படிக்கத்தக்கவை இவை. களவில் வரும் நூலைத் தேடும் வேகத்தில் பாதியை நம் மாணவர் இங்குக் காட்டுவதில்லை என்பது என் குறை.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சுகிறது. இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பல, சிறு அச்சகங்களில் ஒரே பதிப்பாக வந்து மறைந்தவை. ஆசிரியர் மறைந்து அறுபதாண்டு ஆகவில்லை, கடையில் பிரதியும் இல்லை, உரிமையாளரும் தெரியவில்லை. என் எம்.பில். ஆய்வுக்கென ஒரு பெரியவர் வீட்டுப் பீரோவிலிருந்து இரவல் பெற்றுப் படியெடுத்த இரண்டு நூல்கள் இத்தகையவை. அப்பெரியவர் காலமாகிவிட்டார், மூலப் பிரதிகளும் வீடு மாற்றுகையில் தொலைந்தன. இன்று என்னிடமுள்ள மங்கிய ஜெராக்ஸ் தாள்களே எஞ்சியுள்ளன. விற்பனையில் கிடைக்காத நூலைப் பொது நூலகம் தன் பயனுக்காக மூன்று பிரதிகள் வரை படியெடுக்கவும், தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்பின் பொருட்டு மின்வடிவில் சேமிக்கவும் சட்டம் இடம் தருகிறது. உரிமையாளரைக் கண்டறிய முடியாத நூலை மறுபதிப்புச் செய்ய, நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு உரிய மன்றத்தில் அனுமதி பெறும் வழியும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களிலுள்ள பெரியோர்கள் தம் வீட்டுப் பரண்களிலும் பீரோக்களிலும் இத்தகைய நூல்கள் இருப்பின் துறைக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். நூலாசிரியரின் பிள்ளைகளோ பேரர்களோ எங்கிருக்கின்றனர் என்பது தெரியுமாயின் அதனையும் சேர்த்துத் தெரிவித்தால் முதலில் அவர்களுக்கே கடிதம் எழுதுவோம்.