முன்னே செல்பவரின் வேகம்

மலேசியாவில் 16 வயது நிரம்பியவர், 250 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை ஓட்டுவதற்கான உரிமத்தைப் பெற முடியும். குறுகிய பாலத்தின்மேல் ஓட்டுதல், எட்டு வடிவத்தில் சுற்றி வருதல் போன்றவற்றைப் பயிற்சித் திடலில் கற்றுத் தேர்ந்ததும் அவர் சாலைக்கு வந்துவிடுகிறார். இந்நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் பயணம் செய்தவர்களே. உரிமம் கைக்குக் கிடைத்த பின்னரும் கற்க வேண்டியவை பல உள்ளன. அவற்றை இளையோர் பெரும்பாலும் மூத்த ஓட்டுநர்களைப் பார்த்தே கற்கின்றனர். நல்ல பழக்கமாயினும் சரி, தீய பழக்கமாயினும் சரி.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையை எடுத்துக்கொள்வோம். தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வழிநெடுக வளைவுகள். காய்கறி ஏற்றிய லோரிகள் எதிரே இறங்கி வரும். இச்சாலையில் குழுவாகச் செல்லும்போது புதியவரை எந்த இடத்தில் வைப்பது? கடைசியில் வரட்டும் என்றே பலரும் எண்ணுவர். அது தவறு. வரிசையின் பின்னால் வருபவர், இடைவெளி விழும்போதெல்லாம் முன்னே செல்பவரைவிட வேகமாக ஓட்ட நேர்கிறது. தனித்து விடப்படுவோமோ என்ற பதற்றத்தில், தம் திறமைக்கு மீறிய வேகத்துடன் வளைவுக்குள் நுழைந்துவிடுகிறார்.

ஆகவே, விவரமறிந்த குழுத் தலைவர் புதியவரைத் தமக்கு அடுத்த இடத்தில் வைத்துக்கொள்கிறார். பக்கக் கண்ணாடியில் அவரைக் கவனித்து அவருக்கேற்பத் தம் வேகத்தைக் குறைக்கிறார். தலைவர் எங்கே பிரேக் பிடிக்கிறார், வளைவில் சாலையின் எந்தப் பக்கத்தை ஒட்டிச் செல்கிறார் என்பதையெல்லாம் புதியவர் நேரில் கண்டு கற்கிறார். “தம்பி, உன் வேகத்திலேயே வா. ரிங்லெட்டில் எல்லாரும் காத்திருப்போம்” என்று புறப்படுமுன் சொல்லிவிட்டால், துரத்திப் பிடிக்க வேண்டிய தேவையே எழாது.

சில நுட்பங்களைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். கண் போகும் திசையில் வண்டியும் போகும்; குழியையே உற்றுப் பார்ப்பவர் பெரும்பாலும் குழியில்தான் இறங்குவார். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள்ள வேண்டும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்துள்ள எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து வழுக்கும். லோரியின் பக்கக் கண்ணாடியில் அதன் ஓட்டுநரின் முகம் தெரியவில்லையென்றால், அவருக்கும் நம்மைத் தெரியாது.

தவறைச் சுட்டிக்காட்டுவதில்தான் மூத்தவர் பலர் சறுக்குகின்றனர். உணவுக்கடையில் எல்லார் முன்னிலையிலும் கேலி செய்தால், அந்த இளைஞர் அடுத்த முறை தம் துணிச்சலைக் காட்டவே வேகத்தைக் கூட்டுவார். தனியே அழைத்து, “அந்த மூன்றாவது வளைவில் என்ன நடந்தது?” என்று கேட்டால், அவரே யோசித்து விடை சொல்வார். தாம் எவ்வளவு வேகத்தில் ஓட்டினோம் என்று மூத்தவர் பெருமை பேசுவதும் இளையோர் காதில் ஒரு பாடமாகவே விழுகிறது. தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் புறப்படும் மூத்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பல பயணங்களுக்குப் பின், அதே இளைஞரை வரிசையின் கடைசியில் வரச் சொல்வார்கள். முதலுதவிப் பெட்டியும் பழுதுபார்க்கும் கருவிகளும் அவருடைய வண்டிக்கு மாறும். வழியில் யாருடைய வண்டி நின்றாலும், அருகில் நிறுத்தித் துணையாக இருப்பது அன்றுமுதல் அவருடைய வேலை.