பரங்கி அலகும் தஞ்சைப் பிடியும்

போர்வாளின் பழைய அலகை வெட்டிக் குறுக்கி, அதற்குப் புதிய பிடி பூட்டி வேறோர் ஆயுதமாக்கும் தொழில் இன்று மேலைநாட்டுக் கத்திக் கலைஞர்களின் தனித்திறனாகப் பேசப்பட்டாலும், 17ஆம் நூற்றாண்டிலேயே அது தமிழ்நாட்டில் செம்மையுற்றிருந்தது என்பதைத் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையின் கட்டாரிகள் காட்டுகின்றன.

கட்டாரி என்பது இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகளைக் கொண்ட பிடியை முட்டியால் இறுகப் பற்றி, முன்கையின் நேர்கோட்டில் பாய்ச்சும் குத்துவாள் ஆகும். தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றின் பிடி இங்கே செய்யப்பட்டது. அலகோ ஐரோப்பாவில் அடிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. இத்தகைய அலகுக்கு 'ஃபிரங்கி' என்று பெயர். பரங்கிமலையின் பெயரில் ஒலிப்பதும் இதே சொல்தான். கரிச்சத்து மிகுந்த இந்திய உருக்கு கூர்மைக்குப் புகழ்பெற்றதாயினும் வலிய அடியில் முறியக்கூடியது என்பதால், வளைந்து மீளும் ஐரோப்பிய அலகுக்கு இங்கே மதிப்பிருந்தது.

இவ்வேலையின் அருமை உலையைத் தவிர்ப்பதில் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய எஃகை நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்திக் கடினமாக்கி, மீண்டும் இளஞ்சூடு காட்டி முறியாத பதத்துக்குக் கொண்டுவருவதே தோய்ச்சல் ஆகும். அப்படிப் பதம்பெற்ற அலகை மறுபடி நெருப்பில் இட்டால் அந்தப் பதம் கெட்டுவிடும். ஆகவே கட்டாரியின் பிடியிலிருந்து இரு நாக்குகளைப் போல நீளும் தகடுகளுக்கிடையே அலகைச் செருகி, துளையிட்டுத் தறையாணிகளால் இறுக்கினர். அலகின் நடுவே ஓடும் நீள்பள்ளம் பிடியருகே சட்டென அறுபட்டு நிற்குமானால், அது ஒரு காலத்தில் நெடுவாளாக இருந்தது என்று அறியலாம். அந்தத் தடத்தை இழைத்து அழிக்காமல் விட்டதே அக்கைவினைஞர்களின் பெருமை.

1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தபின் அரசு கும்பெனியின் கைக்குப் போயிற்று. ஆயுதசாலை கலைக்கப்பட்டு, தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தைச் சேர, எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைபட்டுப் பழைய உலோகமாக விலைபோயிற்று. இரண்டு நூற்றாண்டுக் கைத்திறன் எடைபோட்டு விற்கப்பட்ட அச்செயல் மன்னிக்கத்தக்கதன்று.

வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளின் காயலாங்கடைகளுக்கு இது தொலைவான செய்தி அல்ல. கத்தி செய்ய விரும்புவோருக்கு லாரியின் பட்டை ஸ்பிரிங்கே போதும், சுமார் 0.6 விழுக்காடு கரிச்சத்துள்ள அந்த எஃகு, அடித்துத் தோய்ச்சல் கொடுத்தால் நல்ல அலகாகும். ஆயினும் 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகு, வீட்டுக்கோ வேளாண்மைக்கோ தொழிலுக்கோ உரியதாக இல்லாவிடில், ஆயுதச் சட்ட விதிகளுக்கு உட்பட்டதாகிவிடும். நூறாண்டு கடந்த வாளோ 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். ஆகவே பழைய இரும்புக் குவியலில் நீள்பள்ளமும் தேய்ந்த எழுத்தும் கொண்ட அலகு ஒன்று அகப்பட்டால், அதை அறுக்கவோ உலையில் வைக்கவோ வேண்டாம். சில கிலோமீட்டரில் உள்ள எழும்பூர் அருங்காட்சியகத்தில் முதலில் காட்டுங்கள்.